இரண்டு பகையாளிகள் படித்த நோட்டீஸ்

மருதாயி ஒரு காகிதத்தை நம்ப வேண்டுமென்றால் அதை இரண்டு பேர் படித்துச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேருக்குள்ளும் பேச்சுவார்த்தை இருக்கக் கூடாது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் ஒரே மாதிரி படித்தால்தான் எழுதியிருப்பது அதுதான் என்று எடுத்துக்கொள்வாள். சொந்தத் தம்பி படித்துச் சொன்னாலும், அவனோடு சண்டை போட்டவன் எவன் என்று தேடிப் போவாள்.

ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் யாரும் அவள் பட்டதைப் பட்டவர்களில்லை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த காலத்தில் போனஸ் என்று சொல்லி அவளிடம் கைநாட்டு வாங்கினார்கள். தானாகவே விருப்பப்பட்டு வேலையை விட்டு நின்றுகொள்வதாக எழுதிக்கொடுத்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அத்தனை வருஷத்து உழைப்பும் ஒரு கட்டைவிரலோடு போயிற்று. மிஞ்சியது நாகலூர் ரோட்டு வளைவில் சர்க்கார் பட்டா கொடுத்த இடத்தில் அவள் கட்டிய சிமென்ட் ஷீட் வீடு ஒன்றுதான்.

அந்த ரோட்டைத்தான் அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நோட்டீசும் வரைபடமும் ஊர்ப்புற நூலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆட்சேபணை இருந்தால் கெடு தேதிக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று தண்டோரா போடாத குறையாகச் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றதே மருதாயிக்கு இடித்தது. சர்க்கார் எதைச் சும்மா காட்டியிருக்கிறது?

நூலகர் ஜெப்சன் வரைபடத்தை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“உங்க ஊடு இதுல வரலீங்க அக்கா. போயி நேரத்துக்கு மாத்திரை போட்டுக்கிட்டு நிம்மதியா இருங்க.”

நெஞ்சுவலி வந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்திருந்தாள் அவள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மாத்திரையை எதற்கு இழுக்கிறான்? நேராக ஐயாக்கண்ணுவிடம் போனாள்.

ஐயாக்கண்ணு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நூலகப் பேப்பரைக் காலையில் எடுத்தால் மதியம்வரை கீழே வைக்கவே மாட்டீர்களா என்று ஜெப்சன் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து சொந்தக் காசில் பேப்பர் வாங்கி, எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து நூலகத்துக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்துவந்தார். நாலு வருஷப் பகை. மருதாயிக்கு இதைவிடத் தோதான ஆள் கிடையாது. கெஞ்சிக் கூத்தாடி அவரை உள்ளே அழைத்துப் போனாள். ஜெப்சனை வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் நிற்க வைத்தாள்.

ரைட்டர் படித்தார், செருமினார். “ஒண்ணுமில்ல மருதாயி. ரோடு அந்தப் பக்கமாத் திரும்பிருது.”

பகையாளிகள் இருவர், பதில் ஒன்று. அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் நாலைந்து நாள் கழித்து டீக்கடைப் பெஞ்சில் அந்த இருவரும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். மருதாயிக்குச் சுருக்கென்றது. நாலு வருஷம் பேசாதவர்களைச் சேர்த்து வைக்கிற அளவுக்கு அப்படி என்ன நடந்துவிட்டது?

மறுநாள் காலையில் இருவரும் ஒன்றாகவே அவள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு காகிதம், மைப்பெட்டி.

“பென்ஷன் விசயமுங்க அக்கா. ஒரு கைநாட்டு வெச்சாப் போதும்” என்றான் ஜெப்சன்.

 மருதாயி விரலை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஏனுங்க ரைட்டரே, படிங்க. சத்தமாப் படிங்க.”

ஐயாக்கண்ணு ஒரு வரி படித்தார். காகிதத்தை ஜெப்சனிடமே நீட்டினார். ஜெப்சன்தான் தரையைப் பார்த்தபடி சொன்னான்: “ஊடு போகுதுங்க அக்கா. முழுசாப் போகுது.”

அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதற்காக ஜெப்சன் மறைத்தான். அதே காரணத்துக்காக ஐயாக்கண்ணுவும் மறைத்தார். அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று ஜெப்சன் அவரிடம் வலியப் போய்க் கேட்டபோதுதான் இருவர் குட்டும் உடைந்தது. அவளுக்குத் தெரியாமலே வீட்டைக் காப்பாற்றிவிடலாம் என்று ஆட்சேபணை மனு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நாளைக்குக் கெடு முடிகிறது.

“நாலு வருசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. பொய் சொல்றதுல மட்டும் ஒத்துப் போயிட்டீங்களா?”

“உங்க நல்லதுக்குத்தானுங்க...”

“எம்பட ஊடு போறது எனக்குத் தெரியறது நல்லதில்லீங்களா?”

நல்ல மனசுதான், யார் இல்லையென்றார்கள்? எஸ்டேட்டில் ஏய்த்தார்கள், இங்கே இரக்கப்பட்டார்கள். இரண்டு இடத்திலும் அவளிடம் கேட்டது கட்டைவிரலை மட்டும்தான். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நெஞ்சு வலிக்கவும் இல்லை.

“வேற யாரு ஊடு போகுது?”

“கீழ் வளைவுல காளியாயி ஊடுங்க.”

“அவகிட்டச் சொன்னீங்களா?”

 “புள்ளைக்குக் கல்யாணம் வெச்சிருக்கறாங்க...” என்று இழுத்தார் ஐயாக்கண்ணு.

மருதாயி செருப்பை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

காளியாயி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. காளியாயி அடுப்படியிலிருந்து ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வா மருதாயி, நல்ல நேரத்துல வந்த. முறுக்கு சுட்டுக்கிட்டிருக்கறேன், உப்புப் பாத்துச் சொல்லு.” முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து மருதாயி பார்த்ததேயில்லை.

 கல்யாணம் முடியட்டுமே என்று மருதாயிக்குத் தோன்றியது. சும்மாதான் வந்தேன் என்று சொல்லிவிட்டால் போதும். அது வாய்வரைக்கும் வந்துவிட்டது. அது அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்குத் தன் மேலேயே பயம் வந்தது.

“காளியாயி, அடுப்ப அணை” என்றாள். “நம்ம ரண்டு பேரு ஊடும் ரோட்டுக்குப் போகுது. நாளைக்குத்தான் கடைசி நாளு. மேப்பு லைப்ரரியில இருக்குது, வா, உங்கண்ணாலயே பாத்துக்க.”