பசிக்காத ஏகாதசி

இன்று ஏகாதசி. எடை குறைக்க டாக்டர் எழுதிக்கொடுத்த பசியடக்கும் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினேன். அதோடு சரி, நிர்ஜல விரதம்.

மத்தியானம் பூஜைக்கு விளக்கேற்றும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். இவர் ஆட்டோ பிடித்து, புனேயில் நாங்கள் இருக்கும் நிக்டியிலேயே உள்ள கிளினிக்குக் கூட்டிப்போனார்.

மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மா மராட்டிக்காரர். "உபவாசத்துக்கு சாபுதானா கிச்சடி, அதான் ஜவ்வரிசிக் கிச்சடி, சாப்பிட மாட்டீங்களா? எங்க வீட்ல ரெண்டு தட்டு உள்ளே போகுமே!"

"எங்க வீட்ல பச்சைத் தண்ணிகூடக் கிடையாது, டாக்டர்."

"இந்த மாத்திரையோட பட்டினியா? பிபி வேற ஏறியிருக்கு. நான் சொல்றவரைக்கும் மாத்திரை வேண்டாம். இப்பவே ஏதாவது சாப்பிடுங்க."

வீட்டில் இவர் மோரை நீட்டினார். "பெருமாள் கோச்சுக்க மாட்டார், குடி."

குடித்தேன். இருபது வருஷ விரதம் முறிந்தது.

ஆனால் காலையிலிருந்து எனக்குப் பசிக்கவே இல்லையே. பசிக்காதவள் பட்டினி கிடந்ததைப் பெருமாள் விரதமென்று ஒத்துக்கொண்டிருப்பாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவரிடம் கேட்டால் சிரிக்கிறார்.