பிறேக் பிடிக்கவில்லை என்ற சாரதி

விசுவமடுவில் காடு வெட்டிக் குடியேறிய புதிதில் நடந்தது இது. பரந்தன் சந்தியில் சைக்கிளில் போன என்னை ஒரு வாடகைக் கார் பின்னால் வந்து இடித்தது. தோள் எலும்பு முறிந்தது. டொக்டர் தந்த பில்லைக் கார் முதலாளியிடம் நீட்டினேன். "இன்சூரன்ஸ்காரரைப் போய்க் கேள்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு ஒருநாள் இன்சூரன்ஸ் கம்பனியின் ஆள் எங்கள் எல்லோரையும் சந்திக்கு வரச்சொல்லி விசாரித்தார்.

"இவன் கை காட்டாமல் குறுக்கை திருப்பினவன்" என்றார் முதலாளி.

விபத்தன்று என்னைத் தூக்கி உட்காரவைத்த தேநீர்க்கடைக்காரரை நம்பிக்கையோடு பார்த்தேன். "நான் ஒண்டும் காணேல்லை" என்று அவர் கடைக்குள் போய்விட்டார்.

அப்போதுதான் காரை ஓட்டிய சாரதி வாய் திறந்தார்.

"அவர் ஓரமாத்தான் போனவர். பிறேக் பிடிக்கேல்லை. திருத்தித் தாங்கோ எண்டு முதலாளியிட்ட எத்தினை தரம் கேட்டனான்."

"பழுதான காருக்குக் கம்பனி பொறுப்பில்லை. நீங்கள்தான் கட்டவேணும்" என்று கம்பனி ஆள் முதலாளியிடம் சொன்னார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பில்லைக் கட்டினார். சாரதியை அங்கேயே வேலையை விட்டு நிறுத்தினார்.

பஸ்ஸுக்கு நின்ற சாரதியிடம் போனேன். "அண்ணை, இந்த உதவியை மறக்கமாட்டன்."

"உமக்காகச் சொல்லேல்லை. அந்தாளிலை இருந்த கோவத்திலை சொன்னனான். இப்ப வேலையும் போட்டுது. உம்மைக் கண்டாலே எரியுது, போம்."

உண்மை சொல்கிறவர் அன்பானவராகவும் இருப்பார் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அன்று எனக்காக உண்மை சொன்ன ஒரே மனிதர், என்னை வெறுத்தவர்.