காஜா பாய் செய்தி தாளில் வந்தாயிற்று

நம் மாத இதழின் ஆசிரியர் காஜா மைதீன் பாய் போன வெள்ளிக்கிழமை விடியற்காலை இறந்துபோனார். எனக்குச் செய்தி வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அறந்தாங்கியில் சிமெண்டுக் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிவிட்டுத் திரும்பிப் போனைப் பார்க்கிறேன், அந்தச் செய்தியின் மேல் வரிசையாக ரோஜாப்பூ வைத்த காலை வணக்கம். ஒருவர் கம்பி விலை கேட்டிருந்தார். பாயை விரலால் தள்ளித் தள்ளித் தேட வேண்டியிருந்தது.

அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை, அவரைத் தெரிந்த உங்களுக்கே தெரியும். தாள் விலை ஏறுகிறது, தபால் ஒழுங்காகப் போவதில்லை, பேசாமல் போனில் போட்டுவிடுங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வேன். "சிமெண்டையும் போன்லயே அனுப்பிருங்களேன், மொதலாளி" என்பார், நான் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே.

ஒருமுறை இதழின் பின்னட்டையில் என் கடை விளம்பரம். போன் நம்பரில் ஓர் எண் தப்பு. சிமெண்டு கேட்டவர்களெல்லாம் கீரமங்கலத்தில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அந்தம்மா என்னைக் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தது. அடுத்த மாதம் திருத்தம் போட்டால் முடிந்தது என்றேன். கேட்டால்தானே! ஒரு நீலப் பேனாவோடு பஸ் ஏறி, அன்னவாசல் வரைக்கும் வீடு வீடாகப் போய் அந்த எண்ணைத் திருத்தினார். திட்டின அம்மா வீட்டிலும் அவர் இதழுக்குச் சந்தா உண்டு. வெயிலில் கறுத்து வந்தவரிடம், இது தேவையா என்று கத்தினேன்.

"போன்ல தப்புன்னா நீங்க அழிச்சிருவீங்க. இது அடுத்தவங்க வீட்டுல கெடக்குல்ல?" என்றார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்புமுன் துபாயிலிருந்து ஒரு சந்தாதாரர் போன். பாய் இறந்த செய்தியைப் போனில் பார்த்துவிட்டேன், இதழில் எப்போது வரும் என்று கேட்டார். போடுகிற ஆளே போய்விட்டார், இவருக்கு இதழில் வர வேண்டுமாம். எரிச்சலாக வந்தது. "என்னங்க செய்யச் சொல்றீங்க?" என்றேன். "லீவுல வந்தா எடுத்து வச்சுக்குவேங்க. போன்ல வந்தது அன்னைக்கே கீழ போயிருச்சு" என்றார்.

பாயின் மகள் ஷமீமாவோ இதழைப் போனிலேயே போட்டுவிடும் முடிவில் இருந்தாள். "இனி தாள் வேணாம் மாமா. அத்தா செய்தியோட பிடிஎஃப் ஆக்கிக் குரூப்ல போட்டுர்றேன். நீங்களும் அதைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

சொன்னேன்தான். ஆனால் அந்தக் காலை வணக்கங்களுக்கு அடியில் அவரை இன்னொரு தடவை போட எனக்கு மனசில்லை. வேண்டாம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் அத்தாவின் பார்வை அப்படியே.

நீலப் பேனாவால் திருத்திய அந்தப் பின்னட்டை இன்னும் என் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதன் கீழே உட்கார்ந்துதான் பேசி முடித்தோம். தாளும் அச்சுக்கூலியும் என் பொறுப்பு. எழுதுவதும் பிழை பார்ப்பதும் ஷமீமா. கடைசி வீட்டுக்குத் தாள் போய்ச் சேரும்வரை பிடிஎஃப் கிடையாது. தப்பு வந்தால் பஸ் செலவு என்னுடையது, பேனா அவளுடையது.