இரண்டு இருமல்

சாயப்பட்டறையில் எல்லோரும் அவரை இருமல் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். முதலாளிக்கு வைத்த பெயர் கழுகுக்கண். இந்தப் பட்டப்பெயர்களை யார் வைத்தார்களோ, அவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. கழுகுக்கண்ணுக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. இருமல் மாஸ்டருக்கு இருமலே கிடையாது.

மாஸ்டர் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபது. மூட்டை தூக்கி, தொட்டி கழுவி, கொதிநீரில் கை வெந்து, ஆறே வருடத்தில் சாயம் கலக்கும் மாஸ்டர் ஆனார். எந்தத் துணியைக் காட்டினாலும் எந்தப் பொடியில் எவ்வளவு போட வேண்டும் என்று தராசைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். நகக்கண்ணில் ஏறிய நீலம் கல்யாணத்தன்றும் போகவில்லை. வந்திருப்பது மாப்பிள்ளையா, சாயத் தொட்டியா என்று மாமியார் வீட்டில் கேலி செய்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பழைய முதலாளி படுத்த படுக்கையாகி, பட்டறை மகன் கைக்கு வந்தது. முதல் வாரமே ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்தார். வடக்கு ஜன்னலடியில் ஒரு நீள மேசை உண்டு. வெயில் நேராக விழாத அந்த வெளிச்சத்தில், காலை பத்து மணிக்கு நிறம் பார்ப்பது பட்டறையின் வழக்கம். புது முதலாளி ஒரு பழுப்புத் துண்டைத் தூக்கி, "இந்தப் பச்சை..." என்று ஆரம்பித்தார். பின்னால் நின்ற மாஸ்டருக்குப் பகீரென்று எச்சில் புரையேறி இருமல் வந்தது, இரண்டு தடவை. முதலாளி சட்டென்று அதைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். பிழைத்தார்.

அன்று சாயங்காலம் முதலாளி அவரைப் பொடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பொறந்ததிலேருந்தே கண்ணு இப்படித்தான். வெளியே தெரிஞ்சா ஒருத்தனும் என்னை நம்பித் துணி குடுக்க மாட்டான். நான் எடுக்கிறது சரியா இருந்தா ஒரு தடவை இருமு. தப்புன்னா ரெண்டு தடவை. பட்டறைக்குப் பின்னாடி இருக்கிற வீடு இனிமே உன்னோடது. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் உன்னையும் உன் பொண்டாட்டியையும் யாரும் அங்கேருந்து எழுப்ப முடியாது. இது சத்தியம்."

மாஸ்டர் நம்பினார். பாவம், இருபத்தாறு வயது.

அதன்பிறகு முப்பத்தொரு வருடம். முதலாளி துணியை ஜன்னலுக்கு நேரே பிடிப்பார், ஒரு கண்ணை மூடுவார், பெரிய ஞானி போலக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பின்னால் இருமல் கேட்கும். உடனே தீர்ப்புச் சொல்வார். "அடேயப்பா, என்ன கண்ணு!" என்று வாடிக்கையாளர்கள் வாயைப் பிளப்பார்கள். காய்ச்சலில் உடம்பு கொதித்த நாளிலும் மாஸ்டர் பத்து மணிக்கு மேசைக்குப் பின்னால் நின்றார். சொந்தத் தங்கை கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார். காரணம் கேட்டவர்களிடம் வேலை என்றார். கட்டிய மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. அவளோ இந்த மனிதனுக்கு நெஞ்சு சரியில்லை என்று தினமும் காலையில் வெந்நீரில் தேன் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அதையும் மடமடவென்று குடித்துவிட்டு வேலைக்குப் போவார்.

முதலாளியின் மகன் மேல்படிப்பு முடித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். எல்லோரும் சின்ன முதலாளி என்றார்கள். அப்பாவின் கண் ரகசியம் அவனுக்கும் தெரியாது. வீட்டில் மனைவி எடுத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போகிற மனிதரிடம் யார் போய் நிறம் கேட்கப் போகிறார்கள்?

ஒரு திங்கட்கிழமை அவன் மாஸ்டரை அலுவலக அறைக்குக் கூப்பிட்டான். முதலாளியும் இருந்தார்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. வாடிக்கையாளர் முன்னாடி நின்னுக்கிட்டு லொக்கு லொக்குன்னு இருமுறீங்க. பார்க்கவே அசிங்கமா இருக்கு. வயசும் ஆயிடுச்சு. இந்த மாசக் கடைசியோட நின்னுக்கங்க. பின்னாடி வீட்டைக் காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா பொடி டிரம்மெல்லாம் அங்க அடுக்கலாம்."

மாஸ்டர் முதலாளியைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். அந்த மனிதர் மோதிரத்தைத் திருகிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் எதற்காக இருமினார் என்று சொன்னால் கழுகுக்கண்ணின் மானம் கப்பலேறும். அதற்குப் பதில் மாஸ்டரின் வீடு போகட்டும் என்று முதலாளி ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார்.

"ஓய்வு எடுத்துக்கோப்பா," என்றார் கடைசியில், மோதிரத்தைப் பார்த்தபடியே.

  மாஸ்டர் விறுவிறுவென்று வெளியே வந்தார்.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது முதலாளி அந்த வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினார். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக உள்ளே வந்தார். பாதிச் சாமான் மூட்டையாகக் கட்டிக் கிடந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

"வெள்ளிக்கிழமை ஒரு அம்மா வர்றாங்க. ஊர் ஊரா சீருடை தைக்கிற கம்பெனி. இது கிடைச்சா பத்து வருஷத்துக்குக் கவலையில்ல. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் வந்து பின்னாடி நில்லுப்பா."

"வீடு எங்களுக்குத்தான்னு உங்க பையன்கிட்ட சொல்லிடுங்க முதலாளி. வர்றேன்."

"அவன்கிட்ட என்னன்னு சொல்றது? ஏன்னு கேப்பானே. அப்புறம் பார்த்துக்கலாம். எனக்காக வா."

மாஸ்டர் ஒரு மூட்டையின் முடிச்சை இறுக்கினார். "வந்து நிக்கிறேங்க," என்றார்.

முதலாளி நிம்மதியாகப் போனார். கூப்பிட்டால் வருவான் என்ற நினைப்பு. மாஸ்டரைச் சுட்டது அதுதான்.

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு வந்தாள். "வெளியே துரத்திட்டு ஒரு நாளைக்கு மட்டும் வந்து நிக்கணுமா? நீங்க என்ன அந்தாளுக்குக் கைத்தடியா?"

"கைத்தடி இல்லடி, அந்தாளோட கண்ணு," என்று மாஸ்டர் எல்லாவற்றையும் கொட்டினார்.

கேட்டு முடித்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ உங்களுக்கு இருமலே இல்லையா?"

"இல்ல."

"முப்பத்தோரு வருஷமா நான் காய்ச்சின வெந்நீர்? ஊத்தின தேன்? எல்லாம் அந்தக் குருட்டுக் கழுகுக்கா?" அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை, அப்புறம் வந்த கோபம் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் வாடகை வண்டி நின்றது. சாமான்களை ஏற்றிவிட்டு அவள் வழக்கம்போலத் தேன் கலந்த வெந்நீரை நீட்டினாள். "குடிங்க. தொண்டை நல்லா இருக்கட்டும். அங்க ஒரே ஒரு தடவை இருமினீங்கன்னாலும் இந்த வண்டியில ஏறாதீங்க."

பத்து மணிக்கு ஜன்னலடி மேசையில் அந்த அம்மாள் எட்டுத் துண்டுகளைப் பரப்பி, பக்கத்தில் ஒரு சாம்பிளையும் வைத்தாள். "பாதி பச்சை, பாதி பழுப்பு, எல்லாத்தையும் கலந்து வச்சிருக்கேன். உங்க கண்ணைப் பத்தி எல்லாரும் சொல்றாங்க. என் சாம்பிள் பச்சைக்கு அச்சு அசலா இருக்கிறதை எடுத்துக் குடுங்க பார்க்கலாம்."

முதலாளி ஒன்றைத் தூக்கினார். ஒரு கண்ணை மூடினார். காத்திருந்தார்.

பின்னால் சத்தமே இல்லை.

அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதையும் எடுத்தார். நெற்றியில் வியர்த்தது. நினைவுபடுத்துகிறவர் போலத் தானே ஒரு கனைப்புக் கனைத்தார். மாஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டு, வெளியே கொடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சுகமாக அந்த இடத்தில் அவர் ஒருநாளும் நின்றதில்லை.

"இதுதான்," என்றார் முதலாளி வேறு வழியில்லாமல். "உங்க பச்சை."

அந்த அம்மாள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்பா," என்றான் மகன் மெதுவாக, "அது பழுப்பு."

முதலாளி மாஸ்டர் பக்கம் திரும்பினார். ஆத்திரத்தில் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோனது. "ஏன்டா நீ இருமல? ஏன் இருமல?"

 மகன் அப்பாவையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"வாடிக்கையாளர் முன்னாடி இருமுறது அசிங்கம்னு சின்ன முதலாளி சொன்னாருங்க," என்றார் மாஸ்டர். "விட்டுட்டேன்."

அந்த அம்மாள் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். மாஸ்டர் படியிறங்கி நடந்தார். வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இருமினீங்களா?"

"இல்ல."

"ஏறுங்க."

வண்டி கிளம்பும் நேரத்தில் முதலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. கையில் அந்த வீட்டின் சாவி. "இந்தாப்பா, வச்சுக்கோ. வீட்டை உன் பேருக்கே எழுதித் தர்றேன். அந்த அம்மா இன்னும் போகல. உள்ள வந்து ஏதாச்சும் சொல்லு. போதுமா? இது சரிதானே?"

மாஸ்டர் சாவியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர் வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு, முதலாளியின் முகத்துக்கு நேரே குனிந்து, நிதானமாக, தெரு முழுக்கக் கேட்கும்படி இரண்டு தடவை இருமினார்.