ஆறாம் எண் பெட்டி

காலை மணி 8. ஈப்போ பேருந்து நிலையத்தில் இருபத்து நான்கு ரிங்கிட் கொடுத்துப் பிரிஞ்சாங்குக்குச் சீட்டு வாங்கினேன். சிம்பாங் பூலாய் வழியாக ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். கேமரன் மலைக்கு நான் போவது இது ஒன்பதாவது முறை. முதல் எட்டு முறையும் ஒரு பெரிய தேயிலைத் தோட்டத்தின் சரிவில் கருவிகளைப் பொருத்தவும் பார்த்துக்கொள்ளவும் போனேன். இந்த முறை கழற்றிக்கொண்டு வரப் போனேன். என் பையில் ஒரு திருப்புளி, ஒரு கயிற்றேணி, பெட்டிகளைப் போட்டுக் கொண்டுவர ஒரு கோணிச் சாக்கு.

பெட்டி என்றால் சோப்புப் பெட்டி அளவுதான். உள்ளே விரல் தடிமனில் ஒரு பேட்டரி, மண்ணின் ஈரத்தையும் சாய்வையும் அளக்கும் ஒரு சில்லு, வெளியே சாண் நீளத்தில் ஒரு ஏரியல். கால் மணிக்கு ஒருமுறை நான்கைந்து எண்களை மட்டும் வானொலி அலையில் அனுப்பும். கைப்பேசிக் கோபுரம் வேண்டாம், மின்கம்பி வேண்டாம். அவ்வளவு சிறிய சேதி என்பதால் மிகக் குறைந்த மின்சாரத்தில் பல கிலோமீட்டர் போகும். தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்த கேட்வே என்ற பெரிய பெட்டி, எட்டுப் பெட்டிகளின் சேதியையும் கேட்டு ஈப்போவில் இருக்கும் எங்கள் கணினிக்குத் தள்ளிவிடும். மண் அசைந்தால் கணினி கண்டுகொண்டு, சரிவின் அடியில் இருக்கும் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், சுவரிலே சைரனை அலற வைக்கும். இதுதான் ஏற்பாடு. மூன்று ஆண்டுச் சோதனைத் திட்டம் முடிந்துவிட்டது. யாரும் நீட்டிக்கவில்லை. கணினியில் அந்தத் தோட்டத்தின் பக்கத்தை அன்று காலைதான் மூடினார்கள்.

சிம்பாங் பூலாயைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறியது. கம்போங் ராஜா வரைக்கும் வெயில். அதற்கு மேல் பனிமூட்டம். கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடைகளுக்கு முன்னால் கார்கள் நின்றுவிட, பேருந்து அரை மணி நேரம் நகரவில்லை. மலைமுழுக்கக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். மூட்டத்துக்குள் அவை வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி இருந்தன.

10.50. பிரிஞ்சாங்கில் தோட்டத்து லாரியோடு மணியம் காத்திருந்தார். இருபது வருடமாக அங்கே லாரி ஓட்டுகிறவர்.

"பசியாறிட்டீங்களா சார்?" என்றார். ஆயிற்று என்றேன்.

வண்டியைக் கிளப்பிவிட்டு, "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறீங்களாமே, மெய்யாவா?"

"ஆமாண்ணே."

"அப்ப மழைக்கு நாங்க என்னா லா பண்றது?"

கையெழுத்து வாங்கவேண்டிய தாளைப் பையிலிருந்து எடுத்தேன்.

11.30. தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது கணக்கரும் மேற்பார்வையும் எல்லாமுமான ஒருவர், என் தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெட்டிய எடுத்துக்குங்க. சைரன் மட்டும் சுவத்துலயே இருக்கட்டும். ஆளுங்களுக்கு ஒரு தைரியம்" என்றார்.

"அது இனிமே சத்தம் போடாது சார்."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரிய வேணாம் லா."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சரிவில் ஏறிப் பெட்டிகளைக் கழற்ற இரண்டு மணி நேரம் பிடித்தது. ஏழு பெட்டிகள்தான் இருந்தன. ஐந்தாம் எண்ணுக்கும் ஏழாம் எண்ணுக்கும் நடுவே, தேயிலைச் செடி இல்லாத ஒரு செம்மண் வடு மேலிருந்து கீழ்வரை இறங்கியது. அகலம் பத்து அடி இருக்கும். அதன் அடியில் லயத்தின் கடைசி வீடு. ஆறாம் எண் பெட்டி அந்த மண்ணோடு போய்விட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அந்த மண் இறங்கியது. வீட்டுக்குப் பின்னால் இருந்த குளியலறையை மட்டும் அள்ளிக்கொண்டு போனது. மருந்து அடிக்கும் வேலை முடித்து வந்த அந்த வீட்டு ராமையா அப்போது உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். சைரன் அலறவில்லை. இருபுறமும் இருந்த பெட்டிகளின் மண் அசையவே இல்லை. 'ஆறாம் எண் கருவி கனமழையால் பழுது' என்று எங்கள் கம்பெனி அறிக்கை எழுதியது. அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்.

நடந்தது வேறு. பெட்டியைச் சுற்றிப் பெரணி வளர்ந்து ஏரியலை மூடிவிட்டது. ஈர இலைகள் அலையைக் குடிக்கும். சேதி சரியாகப் போய்ச் சேராவிட்டால் இந்தக் கருவி தானாகவே இன்னும் நீட்டி நிதானமாக, இன்னும் உரக்கப் பேசும். அப்படிப் பேசப் பேசப் பேட்டரி சீக்கிரம் தீரும். ஐந்து வருடம் வரவேண்டியது இரண்டு வருடத்தில் தீர்ந்தது. மழைக்குப் பதினொரு நாள் முன்பே என் திரையில் ஆறாம் எண் சாம்பல் நிறமாகிவிட்டது. பார்த்தேன். ஒரு பெட்டிக்காக மலை ஏறுவானேன், மாதக் கடைசியில் போகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

2 மணி. கடைசி வீட்டுக்குப் போனேன். ராமையாவின் மனைவி லெட்சுமி அக்கா தேயிலை வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ரப்பர் பூட்ஸ் வாசலில் கிடந்தது. பின்கதவு இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய். உட்காரச் சொன்னார். கோப்பி கலக்கப் போனவரை நிறுத்தி, வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அந்த ஆறாம் நம்பர் பெட்டி மழையில கெட்டுப்போகல. அதுக்குப் பதினொரு நாளு முன்னாடியே நின்னுடுச்சி. பேட்டரி தீந்துபோச்சு. எனக்குத் தெரியும். நான் வரல."

அவர் அடுப்பை அணைத்தார்.

"பதினொரு நாளா?"

"ஆமாக்கா."

"தெனம் அதத் தாண்டித்தான் தம்பி நான் வேலைக்குப் போனேன். பேட்டரின்னா டார்ச்சுக்குப் போடறமே, அந்த மாதிரிதானா?"

"அந்த மாதிரிதான். நாலு திருகாணி."

"ஒரு போன் போட்டிருந்தா நானே மாத்தியிருப்பேனே."

அதை அவர் கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்த ஒரு போனை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. பெட்டிகளை மலையில் வைத்தேன், அவற்றின் பேச்சை ஈப்போவுக்குக் கொண்டுபோனேன். பெட்டிக்குப் பத்து அடியில் தினமும் நடந்துபோகிற மனுஷியின் நம்பர் என்னிடம் இல்லை.

"அது ஓடியிருந்தா அவரு பொழச்சிருப்பாரா?"

"தெரியலக்கா. மண்ணு முன்னாடியே அசைஞ்சிருந்தா சத்தம் போட்டிருக்கும். அசைஞ்சதா இல்லையான்னு இனிமே யாருக்கும் தெரியாது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இப்ப அந்தச் சைரன்?"

"இன்னியிலேர்ந்து ஊமை. சுவத்துலயே விட்டுடச் சொல்றாரு கிராணி."

"கழட்டு" என்றார்.

"அக்கா, கிராணி..."

"அத நம்பித்தான் அந்த மனுஷன் சோப்பு போட்டுக் குளிச்சிட்டிருந்தாரு. இன்னும் பன்னெண்டு வீடு அத நம்பிக்கிட்டு இருக்கு. கழட்டு."

லயத்தில் தமிழர் குடும்பம் ஆறுதான் மிச்சம். மற்ற வீடுகளில் வங்காளதேசத்து ஆட்கள். நான் சுவரில் ஏறியபோது எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். கயிற்றேணியின் அடியை லெட்சுமி அக்காவே பிடித்துக்கொண்டார். கெட்டுப்போய்விட்டதா என்று ஒருவர் மலாயில் கேட்க, முன்பே செத்துவிட்டது என்று அக்காவே பதில் சொன்னார். தமிழிலும் ஒருமுறை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சைரன் இருந்த இடத்தில் நான்கு துளையும், வெயில் படாத ஒரு வெளிர் சதுரமும் தெரிந்தன. கிராணி வந்து, "உங்க மேனேஜர்கிட்ட பேசிக்கிறேன்" என்று என்னை முறைத்தார். பேசட்டும் என்று இருந்தது.

4.40. மழை தொடங்கியது. பெரிய மழை இல்லை. சாக்கை லாரியில் ஏற்றிவிட்டு அக்காவின் வாசலுக்குப் போய், "போயிட்டு வர்றேங்க்கா" என்றேன். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. இரண்டாவது முறை சொல்லத் துணிவு வரவில்லை.

லாரி வளைவில் திரும்பும்போது கீழே பார்த்தேன். லயத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகச் சரிவுக்கு எட்டாத கோயில் மண்டபத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். தலையில் பாய், கையில் பிள்ளை, சாதச் சட்டி. மணியம் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஈப்போவில் எங்கள் தெருவில் மழை பிடித்தால் கொடித் துணியை எடுக்க ஓடுவார்கள். நாங்கள் மழைக்குச் செய்கிற வேலை அவ்வளவுதான். அன்று இரவு எட்டு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து மணியத்துக்குப் போன் செய்தேன். மழை வலுத்தால் லெட்சுமி அக்காதான் கதவு கதவாகத் தட்டி எல்லாரையும் மண்டபத்துக்குக் கூட்டிப்போகிறாராம். முதலில் சண்டை போட்ட கிராணி இப்போது மண்டபத்துச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டாராம். லயத்தை இடம் மாற்றுவதைப் பற்றித் தோட்டத்து மேலாளரான துரை இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

"அக்கா என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களாண்ணே?"

"இல்ல சார்" என்றார் மணியம். பிறகு, "இங்க மழை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.