மூன்றாவது கேசட்டில் மங்களம்

அந்த மூன்று கேசட்டும் இப்போதும் என்னிடம்தான் இருக்கின்றன. போட்டுப் பார்க்க வீடியோ டெக் இல்லை. உள்ளே டேப் பட்டையில் பூஞ்சை பிடித்திருக்கும். தூக்கிப் போடு என்று சொன்ன எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லி வந்திருக்கிறேன்: முடியாது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிறகு லாரியில் கிளீனர், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் வேலை, வெங்காய மண்டியில் மூட்டை தைக்கும் வேலை. எந்த இடத்திலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. தொண்ணூற்றேழோ தொண்ணூற்றெட்டோ, பெரம்பலூரில் ஒரு வீடியோ கடையில் வந்து நின்றேன். கல்யாணங்களைப் படம் பிடிப்பதும், டிவி, டெக், கேசட் வாடகைக்கு விடுவதும் கடையின் தொழில். முதலில் லைட் பிடித்தேன். முதலாளிக்கு முதுகுவலி வந்ததும் கேமரா என் தோளுக்கு வந்தது. படுக்கை கடையிலேயே. மழை பெய்தால் கேசட் அலமாரிக்குப் பாலித்தீன் தாளைப் போர்த்திவிட்டு நான் நனைவேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேசட் நனைந்தால் போச்சு, நான் காய்ந்துவிடுவேன்.

வாடகைக்கு எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் சினிமா கேட்பார்கள். இடையிடையே யாராவது ஒருவர், "நாடகம் ஏதும் இருக்கா?" என்பார். பழைய இசை நாடகம். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பேச்சைவிடப் பாட்டு அதிகம். ராஜபார்ட், அதாவது ராஜா வேஷக்காரர், உருகி உருகிப் பாடிவிட்டுப் போனதும் பபூனும் அவனோடு சிரிப்பு வேஷத்தில் ஆடும் காமிக்காரியும் வந்து அதே மெட்டில் அவரைக் கிண்டல் செய்து பாடுவார்கள். ஊரே கண் விழித்து உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். திருவிழாவில் பார்ப்பதை வீட்டில் வேண்டும்போது பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. முதலாளி சிரித்தார்.

"எவன்டா வூட்டுக்குள்ள கூத்தாடிய வுடுவான்?"

"சினிமாவுல ஆடுறவங்கள வுடுறாங்களே."

"அது வேற."

பழைய கேசட் இரண்டைக் கொடுத்து, கெட்டுப் போனால் என் தலையில்தான் விடியும் என்றார்.

குன்னம் பக்கத்தில் ஒரு மாரியம்மன் திருவிழா. நாடகம் தொடங்கும் முன் மேடைக்குப் பின்னால் போய்க் காமிக்கார அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். நாற்பது வயதிருக்கும். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பவுடர் ஏறியிருந்தது.

"என்னைய எடுக்கறியா, ராஜபார்ட்ட எடுக்கறியா?"

"உங்களத்தாங்க்கா."

"அப்ப எனக்கு ஒண்ணு செய்யணும் தம்பி. மீன்சுருட்டியில எங்கண்ணன் இருக்கு. நான் மேடை ஏறுனதுலேருந்து வூட்டுப் படி மிதிக்க வுடல. காதுகுத்து, கல்யாணம் எதுக்கும் சொல்றதில்ல. துபாய் போயிட்டு வந்து பெரிய டிவி வாங்கி வச்சிருக்காம். நான்தான் போவ முடியாது, என் ஆட்டம் போவட்டும். அந்தாளு உக்காந்து பாக்கணும்."

சரி என்றேன். படம் பிடிப்பதற்கு அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்று மேடையில் பபூன்தான் வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன். அக்கா வாசலில் வந்து நிற்கும் தங்கச்சி. பபூன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே "யாரும்மா நீ, எந்த ஊரு?" என்றான். அக்கா சனத்தின் பக்கம் திரும்பி எடுத்துவிட்டார்:

"பெட்டி பெட்டியா வந்தாரு எங்கண்ணன் – கூடப்
பொறந்தவளக் கேட்டாரு பேரு என்னன்னு!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுபடி பாடு என்றது. பாடினார். அதற்குப் பின்னும் விடவில்லை. ராஜபார்ட்டின் நீளமான பாட்டுகளில் கேமராவை நிறுத்தி நிறுத்தி மிச்சம் பிடித்த பட்டையை எல்லாம் நான் இந்தச் சிரிப்புக்கே செலவழித்தேன். கடைசியில் மங்களம் பாட எல்லோரும் மேடையில் வரிசையாக வந்து நின்றபோது பட்டை தீர்ந்துவிட்டது. இன்னொரு முறை வாய்த்தாலும் அப்படித்தான் செலவழிப்பேன்.

முதலில் வாடகைக்கு எடுத்துப் போனவர் வேப்பந்தட்டைக்காரர். மறுநாளே வந்து இரண்டு கேசட்டையும் மேஜையில் வைத்தார்.

"ஏம்ப்பா, மங்களம் எங்க?"

"அதுக்குள்ள பட்டை தீந்துருச்சுங்க."

"தீந்துருச்சாம்ல! நாடகத்த ஆரம்பிச்சிட்டு மங்களம் பாடாம வுட்டா வூடு வெளங்குமா? காலையில மாடு பால் கறக்க வுடல, ஒதைக்குது."

"மாடும் பாத்துச்சாங்க?"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மழை வந்தாலும் அடிதடி வந்தாலும் இரண்டு வரியாவது மங்களம் பாடித்தான் திரையை இறக்குவார்கள். இல்லாவிட்டால் ஊருக்கு ஆகாது. ஊருக்கு ஆகாதது வீட்டுக்கு எப்படி ஆகும் என்பது அவர் கேள்வி.

இருந்தாலும் அக்காவுக்குச் சொன்ன சொல் இருந்தது. ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி மீன்சுருட்டி போனேன். தங்கச்சியின் நாடகம் என்றதும் அண்ணன்காரர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். கேசட்டை வாங்கிக் கையில் எடை பார்ப்பது போலப் பிடித்துக்கொண்டார்.

"முழுசா இருக்கா?"

"மங்களம் மட்டும் இல்லீங்க."

அவர் முகம் தெளிந்தது. தங்கச்சி ஆடுகிறாள் என்று சொல்லாமலே திருப்பி அனுப்ப அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "நாடகம்னா ஒரு மொறை இருக்குய்யா. ஆரம்பிச்சா முடிக்கணும். பாக்க வந்தவன் மங்களம் கேட்டுட்டுத்தான் எந்திரிக்கணும். இது எந்த வூட்டுலயும் ஓடக்கூடாது. எடுத்துக்கிட்டுப் போ."

திரும்பி வந்தால் முதலாளி, "அத அழிச்சிட்டு, வர்ற கல்யாணத்த அதுமேலயே எடு" என்றார்.

"அழிக்க மாட்டேன்."

"அப்ப நீயும் கெளம்பு."

"கெளம்புறேன். கேசட்டோட."

கேசட்டும் நானும் கடையிலேயே இருந்தோம். கேமராவைத் தூக்க வேறு ஆள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சில நாள் கழித்து அக்கா ஏதோ ஊருக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மங்களம்தான வேணும்? நான் பாடுறேன், எடு."

முதலாளி குறுக்கே வந்தார். "மங்களம் ராஜபார்ட்டு ஆரம்பிச்சுத்தான் பாடணும்மா. காமிக் பாடலாமா?"

"ஏன் மொதலாளி, சாமிக்குச் சிரிப்பு வராதா?"

கல்யாண ஜோடிகளை நிறுத்திப் படமெடுக்கும் அன்னப்பறவைத் திரைக்கு முன்னால், பட்டப்பகலில், மேக்கப் இல்லாமல் நின்று பாடினார். கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நான் ஜால்ரா தட்டினேன். தாளம் எனக்கு வராது, தட்டினேன். பாதியில் திரும்பிப் பார்த்தால் முதலாளி லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதுதான் மூன்றாவது கேசட்.

இந்த முறை டெக்கையும் சாக்குப்பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு மீன்சுருட்டிக்குப் போனேன். "மங்களம் இருக்குங்க" என்றேன். அண்ணன்காரர் கதவைச் சாத்தினார். எதிர் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க வூட்டுல டிவி இருக்கு, வா தம்பி. அவுங்க பாக்கலன்னா நாங்க பாக்கக் கூடாதா?"

டிவியை வாசலுக்குக் கொண்டுவந்து, தெருவைப் பார்த்து ஸ்டூலில் வைத்தோம். இளம் வெயில். கடவுள் வாழ்த்துக்கே தெரு கூடிவிட்டது. அண்ணன் காட்சி வருவதற்கு முன்பே, சிரிப்புச் சத்தம் தாங்காமல் எதிர்க் கதவு திறந்தது.

"நிறுத்துய்யா அத!"

"கடவுள் வாழ்த்து முடிஞ்சிருச்சுங்க. இப்ப நிறுத்துனா இந்த வூட்டுக்கு ஆவாது. நீங்கதான் சொன்னீங்க."

முந்திரிக்காரப் பெண்ணும் சேர்ந்துகொண்டார். "ஆமாண்ணே, அன்னிக்குத் தெருவே கேட்டுச்சு. எம்பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கேன். பாதியில நிறுத்தி என் குடியக் கெடுத்துராதீங்க."

அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பினார். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "பாக்க வந்தவங்க எந்திரிச்சுப் போவக் கூடாதே மாமா!"

"நான் எங்கடா உக்காந்தேன்?"

"நின்னு பாத்தாலும் பாத்ததுதான மாமா."

அவர் தெருவைப் பார்த்தார். தெரு அவரைப் பார்த்தது. பெஞ்சின் ஓரத்தில் இருந்தவன் நகர்ந்து இடம் விட்டான். உட்கார்ந்தார்.

அண்ணன் காட்சி வந்தது. கறுப்புக் கண்ணாடி, பெட்டி, வாசலில் தங்கச்சி. இப்போது ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். பாட்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது.

எழுந்து போக நல்ல சமயம் அது. கரண்ட் போனால் யார் குற்றம் சொல்ல முடியும்? நான் டெக்கைக் கட்டத் தயாரானேன். அண்ணன்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"யாரும் எந்திரிக்காதீங்க. கரண்ட் வரட்டும்."

வெயில் ஏறியது. சிலர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அவர் போகவில்லை, யாரோ கொடுத்த தண்ணீரை மட்டும் குடித்தார். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தங்கச்சி பாடினாள், மறுபடி பாடினாள், மறுபடியும் பாடினாள். ஒரு தடவைகூட அவர் தலை குனியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மூன்றாவது கேசட்டைப் போட்டேன். அன்னப்பறவைக்கு முன்னால் பவுடர் இல்லாத முகம். கூட்டம் எழுந்து கும்பிட்டது. அவரும் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"தாளம் தப்பு."

"நான் போட்டதுங்க."

"தெரியுது."

அவ்வளவுதான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என்ன ஆச்சு என்று கேட்க அக்கா ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைப் பக்கம் நின்றிருந்தார். நான் டெக்கை இறக்கி வைப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"சிரிச்சுச்சா?"

"இல்லக்கா."

"அழுவுச்சா?"

"அதுவும் இல்ல. மங்களம் வரைக்கும் எந்திரிக்கல. நடுவுல கரண்ட் போயும் போவல."

டீயை ஆற்றி ஆற்றிக் குடித்து முடித்தார். கண்ணாடித் தம்ளரைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"படி மிதிக்க வுடாத ஆளு, மூணு கேசட்டு உக்காந்திருக்கு. அப்ப அடுத்த நாடகத்த அஞ்சு கேசட்டா எடு."

எடுத்தேன்.