சமநிலத்தில் நின்றபோது அறுந்த பனி

1. வான் ஓட்டப் போன நாள்

நான் மலைக்குப் போனது ஆட்களை ஏற்றும் வான் ஓட்டத்தான். வேறு எந்த எண்ணமும் எனக்கு இருக்கவில்லை.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில், ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். அவருடைய மகள் ரோசலியா மலை வழிகாட்டி. குளிர்காலத்தில் ஆட்களை மடோனியே மலைகளுக்கும் எட்னா எரிமலைக்கும் கூட்டிப்போவார். லிஃப்ட் இல்லாத சரிவுகளில் சொந்தக் காலால் ஏறி, காலில் கட்டிய ஸ்கீப் பலகையில் சறுக்கி இறங்குவதுதான் அவர் நடத்தும் பயணம். அவருடைய வான் ஓட்டுநர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டார். சமையலறையைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் ரோசலியா வந்தார்.

"ஜெசி, உனக்கு லைசென்ஸ் இருக்குத்தானே? சனிக்கிழமை வான் ஓடுவியா?"

"எங்கை, மலைக்கோ?"

"ஓம். நீ ஏறத் தேவையில்லை. வானுக்கை இருந்தாச் சரி."

ரோசலியா கதைத்தது இத்தாலியன். என் நினைவில் அது எங்கள் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

என் கணவர் அன்ரனுக்கு வியா மக்வேதா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. அவரிடம் சொன்னபோது, "உமக்கென்ன விசரோ? பேசாலை ஆளுக்குப் பனியிலை என்ன வேலை?" என்றார். நியாயமான கேள்விதான். மன்னாரில் நாங்கள் பிறந்த ஊரான பேசாலையில் கோயில் கோபுரத்தைத் தவிர உயரம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

சனிக்கிழமை கரையோர நெடுஞ்சாலையால் போய் மேலே திரும்பினோம். எலுமிச்சைத் தோட்டங்கள் முடிந்தன, ஒலிவ் மரங்கள் முடிந்தன, பிறகு பீச் என்னும் காட்டுமரங்கள், இலையில்லாமல். ஒரு வளைவைத் தாண்டியதும் உலகமே வெள்ளை. நான் வானை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அந்த அமைதியை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காதில் யாரோ பஞ்சு வைத்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் கீழே கடல் நீலமாகக் கிடக்கிறது. பனியில் நின்றுகொண்டு கடலைப் பார்ப்பேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

சறுக்க வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக ரோசலியா பாதையோரச் சரிவில் மண்வெட்டியால் ஒரு குழி வெட்டினார். வானுக்குள் குளிர் தாங்காமல் நானும் இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். வெட்டிய பனிச்சுவர் ஒரே வெள்ளையாக இருக்கவில்லை. வரி வரியாக இருந்தது. நடுவில் செங்கல் நிறத்தில் மெல்லிய கோடு. அதற்குக் கீழே சாம்பல் கறுப்பில் இன்னொன்று.

"இந்தச் சிவப்பு, நத்தார்ப் பெருநாளுக்கு முன்னம் அடிச்ச ஷிரோக்கோக் காத்து கொண்டுவந்தது. சகாராவின்ரை மண்," என்றார் ரோசலியா. "இந்தக் கறுப்பு, காத்து இஞ்சாலை திரும்பின நாளிலை எட்னா துப்பினது."

ஆப்பிரிக்காவும் எரிமலையும் ஒரு விரல் இடைவெளியில் உறைந்து கிடந்தன. ரோசலியா என் கையுறையைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு வரியிலும் அழுத்த வைத்தார். ஒரு வரிக்குள் பொத்திய கை முழுவதும் போனது. அடுத்ததில் ஒரு விரல்தான் போனது. அதற்கும் கீழே பென்சில் நுனி மட்டும். அடியில் கத்திதான் இறங்கியது. "மெத்தெண்டதுக்கு மேலை கெட்டியானது இருந்தாப் பயப்படு. முழுப் பனியும் அறுந்து சரியும்," என்றார்.

நான் அன்றைக்கு வானுக்குள் திரும்பிப் போகவில்லை. அவர்கள் மேலே ஏறி இறங்கி வரும்வரை அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

2. தோலும் ஆர்த்வாவும்

அடுத்த குளிர்காலத்தில் ரோசலியா தன் பழைய ஸ்கீயை எனக்குத் தந்தார். நாற்பதைத் தாண்டிய பிறகு ஸ்கீ பழகுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: விழுந்து விழுந்துதான். ஏறும்போது ஸ்கீயின் அடியில் ஒரு நீளத் துணியை ஒட்டுவோம். அதன் ஒரு பக்கத்தில் மயிர் போலக் குச்சம் இருக்கும். முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. தோல் என்றுதான் அதற்குப் பெயர். உச்சியில் அதை உரித்து மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இறங்குவோம். ஏறுவது எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. இறங்குவதில் நான் இன்றைக்கும் அழகில்லாத ஆள்தான்.

எல்லோரும் உடம்போடு கட்டிக்கொள்ளும் கருவி ஆர்த்வா. பனிக்குள் புதைந்தவரின் ஆர்த்வா விடும் ரேடியோ அலையை மற்றவருடைய ஆர்த்வா பிடித்துச் சத்தம் போடும். கட்டாதவர் புதைந்தால் நீண்ட கம்பியால் குத்திக் குத்தித்தான் தேடவேண்டும். அதற்குள் பெரும்பாலும் நேரம் போய்விடும்.

ஆட்களோடு ஏறும்போது என் இடம் வரிசையின் கடைசி. ரோசலியா முன்னே, நான் பின்னே. யாருக்குக் களைப்பு, யாருக்குப் பயம் என்று பார்ப்பது என் வேலை. ரோசலியாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. யாராவது ஒருவர் "வேண்டாம்" என்றால் எல்லோரும் திரும்பவேண்டும். காரணம் கேட்கக்கூடாது.

ஒருமுறை குழி வெட்டிப் பார்த்துவிட்டு அவரே வேண்டாம் என்றார். வந்த ஒருவருக்குக் கோபம். அந்தச் சரிவு பனி உருகும்வரை அசையவேயில்லை. அந்த மனிதர் பிறகு தெருவில் கண்டபோது, "பாத்தியளோ, ஒண்டும் நடக்கேல்லை," என்றார். "ஓம், பாத்தனான்," என்று ரோசலியா சிரித்துவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பதில் அப்போது விளங்கவில்லை. இந்த வேலையில் சரியாகச் செய்தோமா என்று மலை வந்து சொல்லித் தராது. ஒன்றும் நடக்காத நாள் கெட்டித்தனத்தாலும் வரும், அதிர்ஷ்டத்தாலும் வரும்.

3. சால்வோவும் கியாராவும்

எங்களோடு மலைக்கு வரும் சால்வோ, ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊரில் மீன் சாப்பாட்டுக் கடை நடத்துபவர். பெரிய உடம்பு, பெரிய குரல், நல்ல ஸ்கீக்காரர். அவருடைய மகள் கியாரா அவரைவிட நல்ல ஸ்கீக்காரி. அவளுக்கு வடக்கே வேலை கிடைத்திருந்தது. போவதற்கு முன் மகளோடு ஒரு சரிவில் இறங்கவேண்டும் என்பது சால்வோவின் ஆசை. மடோனியேயில் பீச் காட்டுக்கு மேலே கிண்ணம் போலக் குழிந்த ஒரு பள்ளத்தாக்கு. அதில் தென்கிழக்கைப் பார்த்த சுவர்தான் அந்தச் சரிவு. கியாரா சிறுமியாக இருந்தபோது இருவரும் கீழே நின்று அதை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்.

பல நாள் தெளிந்த வானமும் கடும் குளிரும். பிறகு வடமேற்குக் காற்றோடு ஒரு பனி. அதற்கடுத்த நாள் நல்ல வெயில். அன்றைக்குத்தான் போனோம். பாதை முடியும் இடத்தில் நான் வானை நிறுத்தியபோது ஏற்கெனவே ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. மேலே ஸ்கீ கட்டும் கம்பி, வெறுமையாக. அதிலிருந்து இரண்டு பேரின் ஸ்கீத் தடங்கள் பள்ளத்தாக்கின் அடிப்பக்கம் போயிருந்தன. நாங்கள் மறுபக்கத்தால் முகட்டுக்கு ஏறினோம்.

ஏறும்போதே ரோசலியா அடிக்கடி நின்று பனியைத் தட்டிப் பார்த்தார். காற்று அள்ளிக் கொண்டுவந்து போட்ட பனி மேற்பரப்பில் பலகை போல இறுகியிருந்தது. ஊன்றுகோலால் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டிய சத்தம். முகட்டில் நின்றபோது வடக்கே கடலும், அதில் தீவுகளும், கிழக்கே எட்னாவின் புகையும் ஒன்றாகத் தெரிந்தன. சால்வோ தொப்பியைக் கழற்றினார். ஒருவரும் படம்கூட எடுக்கவில்லை.

சரிவு தொடங்கும் விளிம்பில் ரோசலியா தன்னைக் கயிற்றில் கட்டி, மறுநுனியை என்னிடம் தந்துவிட்டு, குழி வெட்டினார். பனியில் ஒரு தூண் செதுக்கி, மேலே மண்வெட்டியை வைத்து, முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்டினார். ஒன்றுமில்லை. முழங்கையிலிருந்து கையை அசைத்துத் தட்டத் தொடங்கியதும் தூணின் மேல்பாதி, மேசை லாச்சியை இழுத்தது போல, சுத்தமாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

ரோசலியா மண்வெட்டியை மடித்தார். "இல்லை. திரும்புவம்."

"அந்த ஓரத்தாலை போகேலாதோ?" என்றார் சால்வோ. "ஒவ்வொருத்தரா, மெல்ல. அவள் அடுத்த கிழமை போயிடுவாள், ரோசலியா."

ரோசலியா பதில் சொல்லுமுன் கியாரா சொன்னாள்: "வேண்டாம் அப்பா. எனக்குப் பயமாயிருக்கு. வேற இடத்தாலை இறங்குவம்."

சால்வோ மகளைப் பார்த்தார். பிறகு ஸ்கீயைத் திருப்பினார்.

4. சத்தம்

முகட்டுக்குப் பின்னால் கொஞ்சம் சமநிலம் உண்டு. ஒரு பிள்ளையை விட்டு விளையாடச் சொல்லலாம், அவ்வளவு தட்டை. சரிவிலிருந்து நன்றாக விலகி அதில் போய்க்கொண்டிருந்தோம். ஆபத்தை விட்டு வந்துவிட்டோம் என்று என் தோள்கள்கூட இறங்கிவிட்டன.

அப்போதுதான் காலுக்குக் கீழே நிலம் இறங்கியது. கொஞ்சம்தான், விரல் அளவு இருக்கும். ஆனால் எங்கள் எல்லோருக்கும் கீழே ஒரே நேரத்தில் இறங்கியது. "உஃப்" என்று ஒரு சத்தம். பெரிய மிருகம் ஒன்று மூச்சை விட்டது போல. காதால் கேட்டதைவிட வயிற்றால் கேட்டேன் என்று சொல்லலாம். என் ஸ்கீ நுனியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, யாரோ பேனாவால் இழுத்தது போல முகட்டை நோக்கி ஓடியது. கண் அதைப் பின்தொடர முடியவில்லை.

பிறகு சரிவுப் பக்கம் இடி மாதிரி. முகட்டுக்கு அப்பால் வெள்ளைப் புகை எழும்பியது.

சால்வோ அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். "நாங்கள் இஞ்சை நிக்கிறம்," என்றார். "இஞ்சையல்லோ நிக்கிறம்."

நான் கத்தினேன்: "ரோசலியா, அந்த வெள்ளைக் கார்! கீழை ரெண்டு பேர் போயிருக்கினம்!"

ரோசலியாவின் முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை. "கியாரா, ஆர்த்வாவைத் தேடுறதுக்கு மாத்து. என்னோடை வா. சால்வோ, நீங்கள் போன் பிடிக்கிற இடம் பாத்து மீட்புப் படைக்கு, 112-க்கு அடியுங்கோ. ஜெசி, நீ மேலை நில். விளிம்பிலை மிச்சப் பனி தொங்குது. அது அசைஞ்சா விசில் ஊது."

பனி அறுந்து போன இடம் வழியாக அவர்கள் இறங்கினார்கள். நான் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். சரிவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை வெட்டுச்சுவர், என் இடுப்பளவு உயரம், அளவுகோல் வைத்து வெட்டியது போல நேராக. கீழே பள்ளத்தாக்கில் கட்டி கட்டியாகப் பனி. சில கட்டிகள் எங்கள் வானளவு.

தொங்கிய பனியைப் பார்த்துக்கொண்டிருந்த என் கண் ஒருமுறை என்னையறியாமல் பக்கத்து வெட்டுச்சுவரின் அடிக்குப் போனது. அங்கே ஒரு வரி மினுங்கியது. குனிந்தேன். இறகு இறகாகப் பனிக்கட்டிகள், ஒவ்வொன்றும் விரல் நகமளவு, ஒவ்வொன்றிலும் கோடு செதுக்கியது போல. தெளிந்த இரவுகளில் பனியின் மேல் பூத்தவை. அதற்கு மேல் காற்று பலகையைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. முழு மலைச்சரிவையும் தாங்கி நின்றவை அந்த இறகுகள்தான். சமநிலத்தில் நாங்கள் வைத்த பாரத்தில் அவற்றில் சில முறிந்து, பக்கத்தை முறித்து, அதன் பக்கத்தை முறித்து, மூச்சு விடுவதற்குள் முறிவு சரிவுக்குப் போய்விட்டது. என் வாழ்நாளில் நான் கண்ட மிக அழகான பொருள் அந்த இறகு வரி. கீழே இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே கணத்தில் என் நெஞ்சுக்குள் இருந்தன. நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

ஆர்த்வாவில் ஒரு சத்தமும் வரவில்லை என்று ரோசலியா கையைக் குறுக்கே ஆட்டிக் காட்டினார். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எங்களுக்குத் தெரியாது. அந்த இருவர் ஆர்த்வா கட்டியிருந்தார்களா என்று யாருக்குத் தெரியும்? கியாரா கம்பியைப் பொருத்திப் பனியில் குத்தத் தொடங்கினாள்.

அப்போது பீச் காட்டின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ அசைந்தது. ஒரு சட்டை. அதன் பின்னால் இன்னொரு ஆள்.

விசிலைத் துப்பிவிட்டுக் கத்தினேன். "அங்கை! அங்கை! ரெண்டு பேரும் நிக்கினம்!" தமிழில்தான் கத்தினேன். ரோசலியாவுக்கு விளங்கிவிட்டது.

5. கீழே

அவர்கள் பலெர்மோவைச் சேர்ந்த வயதான கணவனும் மனைவியும். மனைவியின் ஸ்கீயிலிருந்து தோல் கழன்றுவிட்டது. பசை குளிரில் பிடிக்கவில்லை. காட்டோரம் உட்கார்ந்து அதை உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு தோடம்பழம் உரித்திருக்கிறார்கள். அந்தத் தோல் ஒட்டியிருந்தால் சரிவின் அடியில் நடந்துகொண்டிருந்திருப்பார்கள். இருவரும் ஆர்த்வா கட்டியிருக்கவில்லை.

நானும் சால்வோவும் சுற்றுவழியால் இறங்கி வந்தோம். வழியில்தான் அவருக்குப் போன் பிடித்தது. பனி சரிந்தது, ஆனால் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள், வரத் தேவையில்லை என்று 112-க்குச் சொல்லிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரோசலியா அந்த அம்மாவுக்கு முன்னால் நின்று, நேராகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இதை அறுத்தது நாங்கள்தான், சிஞ்ஞோரா. மேலை, சமநிலத்திலை நிண்டனாங்கள். அங்கையிருந்து அறுந்தது."

அந்த அம்மா பனிக்கட்டிகளைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார், நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "உங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். சால்வோ மறுபக்கம் திரும்பிக்கொண்டார். கியாரா போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சரிவில் சால்வோவும் கியாராவும் இன்றுவரை இறங்கவில்லை. அவள் விடுமுறைக்கு வரும்போது இருவரும் வேறு இடங்களுக்கு எங்களோடு வருகிறார்கள்.

என் ஸ்கீ அனுபவத்தை எழுதச் சொன்னவர்கள் கடைசியில் ஒரு பாடம் வேண்டும் என்றார்கள். அன்றைக்கு ரோசலியா எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார். குழி வெட்டினார், தட்டிப் பார்த்தார், திரும்பினார். அப்படியிருந்தும் இரண்டு பேரைக் காப்பாற்றியது பசை விட்ட ஒரு துணி. அதனால் இப்போது நாங்கள் இன்னொரு கேள்வியையும் கேட்கிறோம். நான் நிற்கும் இடம் எனக்குப் பாதுகாப்பா என்பது முதல் கேள்வி. எனக்குக் கீழே யார் என்பது அடுத்தது. பாதை முடிவில் வேறு கார் நின்றால் தடத்தைப் பார்க்கிறோம். அது எங்கள் சரிவின் அடிக்குப் போனால், அந்த ஆட்களைக் கண்டு கதைத்த பிறகுதான் ஏறுகிறோம். இதனால் பல நாள் பிந்தியிருக்கிறோம், சில நாள் ஏறாமலே வீடு திரும்பியிருக்கிறோம். பனி எங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. ஒருவர் வைக்கும் காலடி இன்னொருவரின் தலைக்கு மேல் போய் முடியும். அதைத் தெரிந்துகொண்டு கால் வையுங்கள்.